வடிகாலில் நிற்கும் நாணல்: வரவா, கடனா?

கடன் வாங்கிய பணத்தை வருமானம் என்று பேரேட்டில் எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. பி.காம். முதல் வருடத்துப் பையனுக்குக் கூட இது தெரியும். ஆனால் இதே வேலையை ஒரு நாணல் புதரை வைத்துச் செய்தால் அதற்குப் பெயர் "சுற்றுச்சூழல் மேம்பாடு"!

மிகையாகத் தெரிகிறதா? விஷயம் இதுதான். வயலிலிருந்து வடிந்து வரும் தண்ணீரில் போட்ட உரத்தின் மிச்சம் இருக்கும். முக்கியமாக நைட்ரஜன் (தழைச்சத்து), பாஸ்பரஸ் (மணிச்சத்து). இவை ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் பாசி பிடிக்கும், மீன் சாகும். எனவே வடிகாலில் நாணலும் சம்பும் வளரவிட்டால் அவை இந்தச் சத்துகளை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் சுத்தமாகி ஏரிக்குப் போகும் என்பது திட்டம். சீனாவில் இதற்கு "சூழல் வடிகால்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செடி உறிஞ்சுகிறது என்பது உண்மை. தப்பு அதற்கு அடுத்த வரியில் வருகிறது. "ஆகவே இத்தனை கிலோ நைட்ரஜன் நீக்கப்பட்டது" என்று எழுதுகிறார்களே, அங்கே. எங்கே ஐயா நீக்கப்பட்டது? அது செடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குளிர் வந்ததும் செடி காயும். காய்ந்தது விழும். விழுந்தது மக்கும். மக்கினால் வாங்கியதை எல்லாம் அதே தண்ணீரில் திருப்பி வைக்கும். நாணல் வாங்கியது கைமாற்று. அதை வரவில் எழுதுவது கள்ளக்கணக்கு.

இந்தக் கள்ளக்கணக்கு எங்கே அதிகம் வலிக்கும் என்றால், உப்பு பூத்த வயல்களில். அதனால் அப்படிப்பட்ட ஒரு இடத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஹெதாவ்: குடிக்கவும் கழுவவும் ஒரே நதி

சீனாவின் வடக்கே உள் மங்கோலியாவில் மஞ்சள் நதி ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. அந்த வளைவின் வடகரையில் இருப்பது ஹெதாவ் பாசனப் பகுதி. சீனாவின் மிகப் பெரிய பாசனப் பகுதிகளில் ஒன்று. கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி விளைகிறது. மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு 200 மில்லிமீட்டரை எட்டினாலே பெரிய விஷயம். ஆனால் வெயிலும் காற்றும் ஒரு வருடத்தில் இழுத்துக்கொண்டு போகக்கூடிய தண்ணீரோ 2000 மில்லிமீட்டருக்கும் மேல். ஆக, மஞ்சள் நதி இல்லையென்றால் அங்கே விவசாயம் இல்லை. 1961ல் சான்ஷெங்கோங் தடுப்பணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் வழியாக வருடத்துக்கு 400 கோடி கன மீட்டருக்கும் மேல் தண்ணீர் எடுக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நதித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கும். ஒரு கன மீட்டருக்கு சுமார் அரை கிலோ. வாயில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 400 கோடியை அரை கிலோவால் பெருக்கினால் 20 லட்சம் டன்! வருடா வருடம் 20 லட்சம் டன் உப்பு வயலுக்குள் இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு போகாது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்த உப்பு மண் வழியாக மேலே ஏறி வந்து வெள்ளையாகப் பூக்கும்.

வாய்க்கால் வெட்டினால் போதும் என்று நினைத்தவர்கள் பட்ட பாடு இது. தண்ணீர் உள்ளே வர வழி இருந்தது, வெளியே போக சரியான வழி இல்லை. 1975ல் பெரும் ஆள்படையைத் திரட்டிப் பிரதான வடிகாலை வெட்டி ஆழப்படுத்திய பிறகுதான் நிலைமை ஓரளவு கட்டுக்குள் வந்தது. இன்றைக்கு அங்கே பிரதான வாய்க்காலிலிருந்து வயல் வரை ஏழு அடுக்கு வாய்க்கால்கள் என்றால், அதற்கு எதிர்த்திசையில் வயலிலிருந்து பிரதான வடிகால் வரை ஏழு அடுக்கு வடிகால்கள். வாய்க்கால் சோறு போடும், வடிகால் கழுவி விடும். இரண்டில் எதை அடைத்தாலும் ஊர் நாறும்.

அந்த வடிகால்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் வூலியாங்சுஹாய் ஏரி. சுமார் 290 சதுர கிலோமீட்டர், ஆழம் மட்டும் மிகக் குறைவு. பாதி ஏரியை நாணல் மூடியிருக்கிறது. 2008ல் இந்த ஏரியில் மஞ்சள் பாசி பெரும் பரப்பில் பொங்கி நாடு முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு கொட்டிய பணம் கொஞ்சமல்ல. மஞ்சள் நதியிலிருந்து வயலுக்குப் போகாமல் நேராகவே நல்ல தண்ணீரை விட்டு ஏரியைக் கழுவும் வேலையும் நடக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள நதியில், கழுவுவதற்கென்றே தண்ணீர்!

இந்த ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்ன வடிகால்களில்தான் நாணல் நிற்கிறது. கரையோரத்து உவர் மண்ணில் சுவேடா படர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு உப்பளத்துப் பக்கம் போனவர்கள் உமரி பார்த்திருப்பார்களே, சுவேடா அதன் சொந்தக்காரன்.

சருகு மக்குவது எப்படி?

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய, எளிமையான முறை உண்டு. காய்ந்த இலையையும் தண்டையும் எடை போட்டு நைலான் வலைப் பையில் கட்டித் தண்ணீரில் போடுவார்கள். சருகுப்பை. பதினைந்து நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று ஒவ்வொரு பையாக எடுத்துக் காயவைத்து மறுபடியும் எடை பார்ப்பார்கள். எவ்வளவு குறைந்தது, மிச்சத்தில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். எடை குறைவதை விளக்க 1963ல் ஓல்சன் என்பவர் ஒரு சூத்திரத்தைப் பிரபலமாக்கினார். கூட்டுவட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் அதுதான். ஒவ்வொரு நாளும் "இருப்பில்" இத்தனை சதவீதம் கழியும். குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் போட்டவர்களுக்கு இது புதிதே அல்ல. ஒரு நாளைக்கு 1 சதவீதம் கழிந்தால் 69 நாளில் பாதி காலி. 0.2 சதவீதம் கழிந்தால் பாதியாக 347 நாள் ஆகும்.

மூன்று கட்டமாக இது நடக்கிறது.

1. கரைதல். டீத்தூளை வெந்நீரில் போட்டது மாதிரி. நனைந்த முதல் சில நாட்களிலேயே இலையிலிருந்து கரையக்கூடியது எல்லாம் கரைந்து ஓடிவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை இப்படியே போய்விடலாம். இதற்கு நுண்ணுயிர்கூடத் தேவையில்லை.

2. நுண்ணுயிர்களின் விருந்து. பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறித் தின்ன ஆரம்பிக்கும்.

3. நொறுங்குதல். மெதுவாக, மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில். நாணல் தண்டில் இருக்கும் லிக்னின் லேசில் மசியாது. இலை சீக்கிரம், தண்டு தாமதம்.

எல்லாச் சத்தும் ஒரே நாளில் வெளியே வருவதில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். பொட்டாசியத்துக்குப் பொறுமையே கிடையாது. செல்லுக்குள் சும்மா கரைந்த நிலையில் இருப்பதால் சில வாரங்களிலேயே பெரும்பகுதி ஓடிவிடும். சோடியமும் அப்படித்தான். பாஸ்பரஸில் ஒரு பங்கு முதல் கட்டத்திலேயே போய்விடும், மீதி மெதுவாக. கால்சியம் செல் சுவரோடு ஒட்டியிருப்பதால் நிதானம். நைட்ரஜன் விசித்திரமானது. நாணல் தண்டில் கரி அதிகம், நைட்ரஜன் குறைவு. தின்ன வந்த நுண்ணுயிருக்குப் புரதம் பற்றாது. எனவே அது சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். ஆக, மக்கும் சருகில் நைட்ரஜன் முதலில் கூடக் கூடலாம்! பிறகுதான் வெளியே விடும். இரும்பு போன்ற சில உலோகங்கள் சருகில் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

சருகு எல்லாவற்றையும் உடனே கக்கிவிடுகிறது என்று சொன்னால் அதுவும் தப்பு என்பதற்காகத்தான் இவ்வளவும். ஒவ்வொரு சத்துக்கும் ஒவ்வொரு தவணை. ஆனால் தவணை நீண்டாலும் கடன் கடன்தானே?

நேரம் சரியில்லை

ஹெதாவில் இன்னொரு கூத்து இருக்கிறது. அறுவடை முடிந்து அக்டோபர், நவம்பரில் அங்கே வயல்களுக்குப் பெரிய அளவில் தண்ணீர் விடுவார்கள். "இலையுதிர்காலப் பாசனம்" என்று பெயர். அப்போது பயிர் இருக்காது. மண்ணில் சேர்ந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்கவும், அடுத்த வசந்தத்துக்கு ஈரம் சேர்த்து வைக்கவும்தான் இந்தத் தண்ணீர். பிறகு நிலம் உறைந்துவிடும்.

அதே அக்டோபர், நவம்பரில்தான் நாணலும் காய்கிறது. இலை உதிர்ந்து வடிகாலில் விழுகிற அதே வாரங்களில் வடிகாலில் தண்ணீர் பெருகி ஓடுகிறது. டீத்தூளும் ரெடி, தண்ணீரும் ரெடி! முதல் கட்டத்தில் கரைவது எல்லாம் நிற்காமல் நேராக ஏரிப் பயணம். மிச்சம் இருப்பது பனியில் உறையும். உறையும்போது செல் சுவர்கள் கிழியும். வசந்தத்தில் பனி உருகும்போது அது இரண்டாம் தவணை. அதாவது பாசி வளர ஆரம்பிக்கும் நேரம் பார்த்துச் சாப்பாடு போய் இறங்குகிறது.

கோடையில் மட்டும் வடிகால் தண்ணீரை எடுத்துச் சோதித்து "பாருங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது" என்று காட்டினால் என்ன அர்த்தம்? வருடக் கணக்கை ஜூலை மாதத்தோடு முடித்து லாபம் காட்டுவதுதான். அப்படி ஒரு கம்பெனி செய்தால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவாரா?

ஒரு கிலோமீட்டர் வடிகாலின் ஐந்தொகை

ஒரு எளிய கணக்கு போடலாம். கற்பனை வடிகால்தான், ஆனால் எண்கள் நாணலுக்குப் பொருந்தக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. 3 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம். 3000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு உலர் எடையில் 1 கிலோ நாணல் என்றால் 3 டன். கோடை முடிவில் அதில் 1.5 சதவீதம் நைட்ரஜன் என்றால் 45 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்றால் 4.5 கிலோ.

45 கிலோ நைட்ரஜன் என்பது இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சற்று மேல் (45 கிலோ மூட்டையில் சுமார் 21 கிலோதான் நைட்ரஜன்). பாஸ்பரஸோ அரை மூட்டை டி.ஏ.பி.க்கும் கொஞ்சம் குறைவு. இந்தியாவில் மானிய விலையில் இதை வாங்கினால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு கிலோமீட்டர் நாணலை அறுத்து, சேற்றிலிருந்து இழுத்து, வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோகும் கூலி எந்த ஊரிலும் இதைவிடப் பல மடங்கு ஆகும். எனவே எந்த விவசாயியும் தன் கைக்காசைப் போட்டு அறுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. லாபம் ஏரிக்கு, செலவு மட்டும் அவருக்கா?

பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் "புறவிளைவு" என்று பெயர். சந்தை தானாக இதைச் சரிசெய்யாது. பொதுப்பணம் போட்டால்தான் நடக்கும். ஆனால் "செடி நட்டாச்சு, சத்து நீங்கியாச்சு" என்று ஏற்கனவே வரவு எழுதிவிட்ட பிறகு அறுப்புச் செலவுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? கள்ளக்கணக்கின் உண்மையான கேடு இங்கேதான். செய்ய வேண்டிய வேலையை முடிந்த வேலை என்று காட்டிவிடுகிறது.

நாணல் உப்பையும் உறிஞ்சுமாமே?

இது இன்னொரு புரளி. உவர் நிலத்தில் செழிப்பாக நிற்பதைப் பார்த்து, நாணல் உப்பைக் குடித்துத் தீர்க்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நாணல் உவர் நிலத்தில் பிழைப்பதே சோடியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே தடுத்து, இலைக்குப் போகவிடாமல் செய்வதால்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் வீட்டில் சரக்கு எப்படி இருக்கும்?

சுவேடா வேறு ஜாதி. அது உப்பை வாங்கிச் சதைப்பிடிப்பான இலைக்குள்ளேயே அடைத்து வைக்கும். காயவைத்து எரித்தால் உலர் எடையில் கால் பங்குக்கும் மேல் கூட சாம்பலாக மிஞ்சும், அதில் பெரும்பகுதி உப்பு. இது உண்மையிலேயே உப்பு எடுக்கும் செடி. ஆனால் அறுக்காமல் விட்டால் என்ன ஆகும்? சோடியத்துக்குப் பொறுமை கிடையாது என்று மேலே பார்த்தாயிற்று. முதல் தண்ணீரிலேயே எல்லாம் இறங்கிவிடும். அதுவும் எங்கே? வேர் வழியாக ஆழத்திலிருந்து எடுத்த உப்பை மண்ணின் மேற்பரப்பில் கொட்டிவிட்டுப் போகும். அறுக்காத சுவேடா சும்மா இருப்பதைவிட மோசம்.

எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

அந்தப் பக்கமும் நியாயமான வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வரலாம்.

"சருகு இருந்தால்தான் நைட்ரேட் நீங்கும்." இது வலுவான வாதம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். கடன் உண்மையாகவே தள்ளுபடி ஆகும் இடம் இது ஒன்றுதான். அந்த பாக்டீரியாவுக்குத் தீனி, மக்கும் சருகிலிருந்து வரும் கரி. பெரும்பாலான ஈரநிலங்களில் செடி உறிஞ்சுவதைவிட இந்த வழியில் போகும் நைட்ரஜன்தான் அதிகம். சரி, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பாஸ்பரஸுக்கு இப்படிக் காற்றில் போகும் வழி கிடையாது. சோடியத்துக்கும் கிடையாது. அவை வடிகாலை விட்டு வெளியேற இரண்டே வழி. ஒன்று தண்ணீரோடு ஏரிக்கு, இன்னொன்று வண்டியில் ஏறி வெளியே. மேலும், பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும் என்பதற்காக மூன்று டன்னையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. வேரும் அடித்தட்டையும் அடுத்த வருடத்து உதிர்வும் இருக்கவே இருக்கின்றன.

"உப்புத் தண்ணீரில் சருகு மெதுவாகத்தான் மக்கும், அதனால் சத்து பத்திரமாக இருக்கும்." கருவாடு தத்துவம்! உப்பு கூடினால் பல நுண்ணுயிர்களும் புழு பூச்சிகளும் தளர்ந்துவிடும், மக்குவது தாமதமாகும் என்பது சரி. ஆனால் முதல் கட்டத்தில் கரைந்து ஓடுவதை உப்பு தடுக்காது. அது மட்டுமல்ல, உள்நாட்டு உவர் நீரில் சல்பேட் இருக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் சல்பைடை வெளிவிடும் (அழுகிய முட்டை நாற்றம் இதனால்தான்). அந்தச் சல்பைடு சேற்றிலிருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்த பாஸ்பரஸுக்குப் பிடிமானம் போய்விடும், தண்ணீருக்கு வரும். சருகு சேரச் சேர ஆக்சிஜன் குறையும், இந்தக் கதை வேகமெடுக்கும். உப்பு காவல்காரன் என்று நம்பிப் படுத்தால் பழைய இருப்பும் சேர்ந்தே திருட்டுப் போகும்.

"குளிர்காலத்தில் தீ வைத்துவிட்டால் போச்சு." நைட்ரஜன் காற்றில் போகும், சரி. பாஸ்பரஸும் உப்பும் சாம்பலாக அங்கேயே விழும். அடுத்த தண்ணீரில் இன்னும் சுலபமாகக் கரையும். புகை இலவச இணைப்பு.

"பறவைகள் என்ன ஆகும்?" கேட்க வேண்டிய கேள்வி. வூலியாங்சுஹாயில் அன்னங்கள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு நாணல் வேண்டும். இங்கே சொல்வது ஏரியின் நாணல் காட்டை மொட்டையடிப்பது பற்றி அல்ல, ஏரிக்குப் போகும் வடிகால்களை அறுப்பது பற்றி. அதிலும் ஒரு வருடம் ஒரு கரை, மறு வருடம் மறு கரை என்று மாற்றி மாற்றி அறுத்தால் பூச்சிக்கும் பறவைக்கும் இடம் இருக்கும்.

"இயற்கையை இயற்கையாக விடுங்கள்." இதுதான் கைதட்டல் வாங்கும் வசனம். ஆனால் மனிதன் வெட்டி, மனிதன் தண்ணீர் விட்டு, மனிதன் போட்ட உரம் ஓடும் வடிகாலில் எது இயற்கை? வடிகால் என்பது ஒரு கருவி. அதைத் துடைக்காமல் வைப்பது இயற்கை நேசத்தில் சேராது, சோம்பேறித்தனத்தில்தான் சேரும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு 2019ல் வெளியிட்ட வழிகாட்டியில் கால்வாய், வடிகால் ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்கு 416 கிலோ மீத்தேன் விடும் என்று கணக்கிடச் சொல்கிறது. நன்னீர்க் குட்டைகளுக்கு 183 கிலோதான். சல்பேட் உள்ள உவர் நீரில் மீத்தேன் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் சருகு நிரம்பிய வடிகால் ஒன்றும் புனிதப் பசு கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வடிகால் வெட்டியதே தண்ணீர் வடிய. காய்ந்த நாணல் விழுந்து அடைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் நிலத்தடி நீர் ஏறும். ஏறினால் உப்பு பூக்கும். ஏரியைக் காப்பாற்ற வளர்த்த நாணல் வயலைக் கெடுத்துவிடும்!

வடிகாலைத் துடைக்கத் தெரிந்த ஊர்

பொது வடிகாலை யார் துடைப்பது என்ற கேள்விக்கு விடை கண்ட ஊர்கள் உண்டு. நெதர்லாந்து அதில் ஒன்று. கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்கள் வடிகாலை மறந்தால் மூழ்கிவிடுவார்கள். அதனால் பல நூற்றாண்டுகளாகவே அங்கே தண்ணீர் வாரியங்கள் இருக்கின்றன. இலையுதிர்காலத்தில் வாரியத்தின் ஆட்கள் வடிகால் வடிகாலாகப் போய்ப் பார்ப்பார்கள். தன் நிலத்தை ஒட்டிய வடிகாலைச் சுத்தம் செய்யாதவர் பதில் சொல்லியாக வேண்டும். பெரிய வடிகால்களை வாரியமே துடைக்கும். செலவுக்கு வாரியத்தின் வரி இருக்கிறது. துடைப்பவர், பார்ப்பவர், பணம் தருபவர் மூன்று பேரும் யார் யார் என்று எழுதி வைத்தாயிற்று.

அங்கேயும் ஓட்டை இருக்கிறது. நெதர்லாந்து துடைப்பது முதலில் நீரோட்டத்துக்காக. வெட்டிய செடியைக் கரையிலேயே போட்டுவிடுவது வழக்கம். கரைக்காரர் அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. கரையில் கிடக்கும் குவியல் மழையில் நனைந்தால் சத்து மறுபடி வடிகாலுக்கே இறங்கும். ஆக, அறுப்பது பாதி வேலை. அப்புறப்படுத்துவதுதான் மீதிப் பாதி.

என்ன செய்யலாம்?

அ) அறுக்கும் நேரம். இது கொஞ்சம் நெளிவு சுளிவான விஷயம். கோடை உச்சியில் அறுத்தால் சத்து நிறைய வரும், ஆனால் வேர் பலவீனமாகி அடுத்த வருடம் நாணல் வளர்ச்சி குறையும். நடு குளிர்காலத்தில் அறுத்தால் வைக்கோல்தான் மிஞ்சும். ஏனென்றால் காயும் முன்பே நாணல் தன் சத்தில் ஒரு பகுதியைத் தரைக்கு அடியில் இருக்கும் தண்டுக்கு இறக்கிவிடும். மேலே சொன்ன கற்பனை வடிகாலில் நைட்ரஜன் 1.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்கினால் 45 கிலோ 15 கிலோவாகிவிடும். எனவே இடைப்பட்ட காலம்தான் சரி. ஹெதாவைப் பொறுத்தவரை இலையுதிர்காலப் பாசனத் தண்ணீர் திறக்கும் முன்பு அறுத்து வெளியேற்றிவிட வேண்டும். தண்ணீர் திறக்கும் தேதி அதிகாரிகள் கையில் இருக்கிறது. நாணலைக் கேட்க வேண்டியதில்லை.

ஆ) அறுத்தது எங்கே போகிறது என்பதற்கும் கணக்கு வேண்டும். நாணல் என்றால் உரக்குழி, காளான் வளர்ப்பு, பாய், கூரை என்று வழி இருக்கிறது. சுவேடாவை வயலுக்கே உரமாகப் போட்டால் உப்பு திரும்ப வயலுக்கே! அதற்குத் தனி இடம் பார்க்க வேண்டும்.

இ) கணக்கு எழுதும் முறை. "செடி உறிஞ்சியது" என்று ஒரு பத்தி, "அறுத்து வெளியேற்றியது" என்று இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தியில் வருவது மட்டுமே நீக்கம். காற்றில் போன நைட்ரஜனை அளந்திருந்தால் மூன்றாவது பத்தியாகச் சேர்க்கலாம். மீதி எல்லாம் சரக்கிருப்பு. அதுவும் அழுகும் சரக்கு.

ஈ) கணக்கு வருடம் முழுவதற்கும் இருக்க வேண்டும். ஜூலை மாதத்துப் பளபளப்பு மட்டும் போதாது. நவம்பரின் கரைதலும் ஏப்ரலின் பனி உருகலும் அதே தாளில் வர வேண்டும்.

பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. சருகுப்பை என்ன சொல்கிறது என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். தெரிந்தும் அறிக்கையில் வராததற்குக் காரணம், அறுப்புக் கூலி என்ற ஒரு வரி. நடுவதற்கு விழா எடுக்கலாம், ரிப்பன் வெட்டலாம், போட்டோ பிடிக்கலாம். அரிவாளோடு சேற்றில் இறங்குகிறவனை யார் போட்டோ பிடிப்பார்கள்?

ஆனால் ஏரிக்கு விழாவும் ரிப்பனும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எத்தனை கிலோ உள்ளே வந்தது என்பது மட்டும்தான். அடுத்த முறை யாராவது "இந்தச் செடிகள் இத்தனை டன் சத்தை நீக்கின" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அந்தச் செடி இப்போது எங்கே இருக்கிறது?

பதில் "அங்கேயேதான்" என்று வந்தால், கடன் இன்னும் அடையவில்லை.